புகை குறைந்த விறகடுப்பு: உப்புவெளிக் குசினி ஒன்றின் வேலைப் பதிவு

திருகோணமலையில் குளிர்காய யாரும் வீட்டுக்குள் நெருப்பு மூட்டுவதில்லை. இங்கே வீட்டுப் புகை என்றால் குசினிப் புகைதான். அதோடு மார்கழி, தை மாதங்களில் வயதானவர்களுக்குக் குளிக்க வெந்நீர் வைக்கும் புகையும், பிள்ளை பெற்ற வீட்டில் வேதுத் தண்ணீர் கொதிக்கும் புகையும் சேரும். 2022 இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் தட்டுப்பட்டபோது மூலையில் கிடந்த மூன்று கல்லும் பல குசினிகளுக்குள் திரும்பி வந்தன. எரிவாயு மீண்டும் கிடைக்கத் தொடங்கிய பிறகும், விலை காரணமாக அந்தக் கல் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

உலகச் சுகாதார அமைப்பின் கணக்கில், வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020 இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அந்தப் புகையை முதலில் வாங்குபவர்கள் அடுப்படியில் நிற்கும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும். ஆகவே இதை வசதிக்கான வேலை என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

"ஒரு புகைக்கூடு வைத்தால் சரிதானே?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். புகைக்கூடு புகையை இடம் மாற்றுமே தவிர இல்லாமல் ஆக்காது. வீடுகள் நெருங்கியிருக்கும் உப்புவெளி, பாலையூற்றுப் பக்கங்களில் உங்கள் குசினிப் புகை பக்கத்து வீட்டு யன்னலுக்குள் போய் நிற்கும். விறகிலிருந்து கிளம்பிய வாயு எரியாமல் தப்பினால் அதுவே புகை. அது எரிய 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடும் போதிய காற்றும் வேண்டும். முதலில் அடுப்புக்குள்ளேயே எரிய வைக்க வேண்டும், மிஞ்சியதைத்தான் புகைக்கூட்டுக்கு விட வேண்டும். கீழே உள்ள அளவுகள் எல்லாம் அந்த ஒழுங்கில் வந்தவை.

முதலில் விறகு

அடுப்பைக் கட்டுவதற்கு முன்பே விறகைச் சரிசெய்யத் தொடங்க வேண்டும், ஏனென்றால் அது காய மாதக்கணக்கில் எடுக்கும். பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே வந்தால்தான் அது நல்ல விறகு. 1 கிலோ விறகில் 400 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று வைப்போம். மீதி 600 கிராம் மரம் ஏறத்தாழ 11 மெகாயூல் வெப்பம் தரும், தண்ணீரை ஆவியாக்க அதில் 1 மெகாயூல் அளவு போகும். பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: அந்த ஆவி நெருப்பின் சூட்டை இறக்குகிறது, இறங்கியதும் வாயு எரியாமல் புகையாக வெளியேறுகிறது, அடியில் விறகு கருகிக்கொண்டு கிடக்கிறது.

இங்கே வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் கச்சான் காற்று நெருப்புப் போல இருக்கும். விறகு காய அதைவிட நல்ல அடுப்பு இல்லை. கிளிசரியா, வேம்பு, மரமுந்திரிகை, தென்னை மட்டை எதுவானாலும் இரண்டு விரல் தடிப்புக்குப் பிளந்து, தரையிலிருந்து ஒரு கல் உயரத்தில், வெட்டுமுகம் காற்றைப் பார்த்தபடி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். பக்கங்களைப் பொலித்தீனால் மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி நடுவில் மழை தொடங்குமுன் இரண்டு மாத விறகு குசினித் தாழ்வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுங்கள். இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றால் காற்றில் காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது. தராசு இல்லாவிட்டால் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது "டங்" என்று கேட்கும், ஈரமானது "தொப்" என்று அடங்கும்.

எரிக்கக் கூடாதவையும் உண்டு. கடற்கரையில் ஒதுங்கும் மரத்தில் உப்பு ஊறியிருக்கும், அதிலிருந்து வரும் குளோரின் சேர்மங்கள் நெஞ்சுக்கும் கெடுதி, இரும்புத் தட்டியையும் குழாயையும் அரித்துவிடும். பெயின்ற் அடித்த பழைய வள்ளப் பலகையும் அப்படித்தான். அடுப்பு மூட்டப் பொலித்தீன் பையும் தயர்த் துண்டும் வைக்கும் பழக்கத்தை முற்றாக விடுங்கள். காய்ந்த பன்னாடையும் இரண்டு சிரட்டையும் அதைவிட விரைவாகப் பிடிக்கும்.

அடுப்பின் அளவுகள்

கடையில் விற்கும் இரண்டு வாய் மண்ணடுப்பான அனகி மூன்று கல்லைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதற்குப் புகைக்கூடு கிடையாது, வாயு இரண்டாவது பானையைச் சுற்றிக் குசினிக்குள்தான் வரும். நாலு பக்கமும் திறந்த கொட்டிலில் சமைப்பவர்கள் அனகியை வாங்கி மண் பூசிப் பாவித்தாலே போதும். சுவர் வைத்து அடைத்த குசினிக்கு, பானைகள் குழிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும் அடுப்பு வேண்டும்.

இங்கே கட்டியது 40 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 12 அங்குல உயரம். அதன் கீழே சீமெந்துக் கல்லால் 20 அங்குல மேடை. ஆக அடுப்பின் மேல்முகம் தரையிலிருந்து 32 அங்குலம். நின்று சமைக்க அது வாகான உயரம்.

வழி முழுக்க ஒரே பரப்பு இருக்க வேண்டும் என்பதை வேறு எதை விட்டாலும் விடாதீர்கள். விறகு வாய் 5 அங்குல அகலம், 4 அங்குல உயரம்: 20 சதுர அங்குலம். முதல் குழியிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் சுரங்கம் 5 அங்குல வட்டம்: 19.6 சதுர அங்குலம். குழாயும் 5 அங்குல வட்டம். விறகு வாயைப் பெரிதாக வைத்துவிட்டு மலிவுக்காக 3 அங்குலக் குழாய் போட்டால், அதன் பரப்பு வெறும் 7 சதுர அங்குலம். மிச்சப் புகை முன்வாயால்தான் வரும். பெரிய விறகு வைக்க வாயை அகட்டச் சொல்லி வீட்டில் கேட்பார்கள், இணங்க வேண்டாம். வாய் சிறிதாக இருந்தால்தான் விறகு சிறிதாகப் பிளக்கப்படும்.

எரிகுழி உள்ளே 8 அங்குல வட்டம். அடியில் 3 அங்குலச் சாம்பல் இடம், அதன் மேல் 10 மில்லிமீற்றர் கம்பி ஏழு துண்டைக் கம்பிக்குக் கம்பி 12 மில்லிமீற்றர் இடைவெளி விட்டுத் தட்டியாக வைக்க வேண்டும். சாம்பல் இடத்துக்கு முன்னால் 5 அங்குல அகலம், 2½ அங்குல உயரத்தில் காற்று வாய். தட்டியிலிருந்து பானை அடிக்கு 7 அங்குலம். இதை 4 அங்குலமாகக் குறைத்தால் சுடர் பானையில் முட்டிக் குளிர்ந்து கரியாகப் படியும். 10 அங்குலமாக்கினால் கரி படியாது, ஆனால் விறகு கூடுதலாகப் போகும்.

இரண்டாவது குழி ஆழமாக இருக்கத் தேவையில்லை. அதன் அடியில் மண்ணை மேடாக்கி, பானை அடிக்கும் மண்ணுக்கும் இடையில் சரியாக 1 அங்குலம் விடுங்கள். 8 அங்குலப் பானையின் சுற்றளவு 25 அங்குலம், 1 அங்குல இடைவெளி என்றால் 25 சதுர அங்குலம், வாயு போகப் போதும். அரை அங்குலமானால் நெரிந்து முன்னால் புகையும். 2 அங்குலமானால் சூடு பானையைத் தொடாமலே புகைக்கூட்டுக்குப் போய்விடும்.

மண்ணும் கட்டும் விதமும்

10 லீற்றர் வாளிக் கணக்கில் புற்றுமண் 8, ஆற்று மணல் 4, உமி 4. உமி தம்பலகாமம், கந்தளாய் அரிசி ஆலைகளில் கிடைக்கும். மணலில் சிக்கனம் பார்த்துக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். அதன் உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து அடுப்பை ஊற வைக்கும், கம்பியைத் துருவாக்கும். மண்ணைச் சல்லடையில் சலித்து, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் காலால் மிதித்துப் பிசைய வேண்டும். பிசைந்ததில் ஒரு செங்கல் அளவு பிடித்து மூன்று நாள் நிழலில் காய வைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் கூட்டுங்கள், கையால் உதிர்ந்தால் புற்றுமண் கூட்டுங்கள். புற்றுக்குப் புற்று மண் வேறுபடும், ஆகவே இந்தச் சோதனையை விடக் கூடாது.

எரிகுழியின் உட்சுவருக்கு நன்றாகச் சுட்ட செங்கல்லை அரைக் கல்லாக நிறுத்திச் சுற்ற வேண்டும். கல்லுக்கு இடையில் உமி சேராத சாந்து, அதாவது புற்றுமண்ணும் இடித்துச் சலித்த ஓட்டுத் தூளும் சம பங்கு. உமி வெளி உடம்புக்குத்தான். அங்கே உமி எரிந்துபோன இடங்களில் உண்டாகும் ஓட்டைகள் சூட்டைப் பிடித்து வைக்கும். சீமெந்து எரிகுழிக்குள் ஒரு கரண்டிகூட வேண்டாம். மேசன்மார் உறுதிக்காகக் கொஞ்சம் போடச் சொல்வார்கள், ஆனால் 400 பாகைக்கு மேல் சீமெந்து தன்னுள் பிணைந்திருக்கும் நீரை இழந்து பொருக்காகிவிடும். மழைக்கால ஈரம் பட்டதும் அந்தப் பொருக்கு உப்பிக் கழன்று விழும்.

சுரங்கத்துக்கு வார்ப்பு வாழைக்குற்றி. 5 அங்குலத் தடிப்புள்ள குற்றியை இரண்டு குழிக்கும் இடையில், இரண்டாவது பக்கம் ஓர் அங்குலம் உயர்ந்திருக்கும்படி வைத்து, சுற்றி மண்ணை அடித்து இறுக்குங்கள். மேலே 2 அங்குல மண் வர வேண்டும். இரண்டு நாளில் குற்றி நீர் வற்றிச் சுருங்கும், திருகி இழுத்தால் சுத்தமாக வந்துவிடும். ஒரு வாரம் விட்டால் அழுகி நாறும், கிண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பானைக் குழியை அளவு பார்த்து வெட்டாதீர்கள். மண் பாதி ஈரமாக இருக்கும்போது, அந்த வீட்டில் தினமும் சோறு வைக்கும் பானையின் அடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசி, மண்ணில் வைத்து இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி 2 அங்குலம் இறக்குங்கள். எடுத்துப் பார்த்தால் விளிம்பு பளபளவென்று பானையின் வளைவையே பிடித்திருக்கும். அந்த வளைவு புகைக்கு அடைப்பு. வேறு பானையோ தாச்சியோ வைப்பதானால் அதற்கென்று ஒரு தகர வளையம் வெட்டி வையுங்கள்.

கழுத்துப் பகுதிக்கு, அதாவது அடுப்புக்கு மேலே குழாயைத் தாங்கும் செங்கல் அடிப்பகுதிக்கு, ஒரு கைப்பக்குவம். 8¾ அங்குல நீளம், 4 அங்குல அகலமுள்ள நாலு செங்கல்லை, ஒன்றின் தலை அடுத்ததன் விலாவில் முட்டும்படி காற்றாடி போல வைத்தால் நடுவில் 4¾ அங்குலச் சதுரத் துளை தானாக வரும். அடுத்த வரிசையில் காற்றாடியை எதிர்ப் பக்கம் சுழற்றி வைத்தால் மூட்டுகள் பூட்டிக்கொள்ளும். இப்படி 18 அங்குலம் எழுப்ப வேண்டும். கீழ் வரிசையில் ஒரு கல்லைச் சாந்தில்லாமல் செருகி மேலே மண் மட்டும் பூசுங்கள், கரி வாரும் கதவு அதுதான். உடைவு உட்பட 55 செங்கல் போதும்.

கட்டி முடிந்ததும் நிழலில் 14 நாள். அதன் பிறகு சிரட்டை மட்டும் வைத்து 15 நிமிடம், அடுத்த நாள் அரை மணி, மூன்றாம் நாள் ஒரு மணி. முதல் நாளே சோறு வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளக்கும். மயிரிழை வெடிப்புக்குச் சாணமும் மண்ணும் கரைத்துப் பூசலாம், விரல் நுழையும் வெடிப்பு என்றால் அந்த இடத்தை வெட்டி எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

குழாயும் கூரையும்

0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள நாகம் (துத்தநாகம்) பூசிய தகரம், 8 அடிக்கு 3 அடி, ஒன்று. 5 அங்குல வட்டத்துக்கு 15¾ அங்குலச் சுற்றளவு, மடிப்புக்கு 1¼, ஆக 17 அங்குலம். ஒரு தகரத்தில் 3 அடி நீளக் குழாய் ஐந்து வரும். நாலு போதும். ஒன்றுக்குள் ஒன்று 2 அங்குலம் செருகினால் மொத்தம் 11½ அடி. ஐந்தாவது மாற்றுக்கு.

நாகம் ஏறத்தாழ 420 பாகையில் உருகும். அதனால்தான் கீழே 18 அங்குலம் செங்கல் கழுத்து. பி.வி.சி. குழாய் 80 பாகையிலேயே இளகி வளையும், எரிந்தால் நச்சு வாயு. பழைய கல்நார்க் குழாயும் வேண்டாம், சூட்டில் வெடித்துத் தூளாகும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

செருகும் திசையில் பெரும்பாலும் பிழை விடுகிறார்கள். மழை நீரை நினைத்து மேல் குழாயைக் கீழ்க் குழாயின் வெளியே மாட்டுவது வழக்கம். புகைக்கூட்டில் அது தலைகீழ்: மேல் குழாயின் முனை கீழ்க் குழாயின் உள்ளே இறங்க வேண்டும். உள்ளே படியும் தார்நீர் அப்போதுதான் உள்ளாலேயே வழிந்து கழுத்துக்கு வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மூட்டிலும் கறுப்பாக வடிந்து சுவரில் கோடு விழும். கூரைக்கு வெளியே வரும் மூட்டுக்கு மட்டும் மேலே ஒரு தகரப் பாவாடை கட்டி மழையைத் தடுக்கலாம்.

குழாய் கூரையைத் தாண்டும் இடந்தான் தீப்பிடிக்கும் இடம். வெறும் குழாய்க்கும் மரத்துக்கும் 18 அங்குலம் வேண்டும். கைமரங்களுக்கு இடையே 2 அடி மட்டுமே இருக்கும் கூரையில் அது கிடைக்காது. ஆகவே 9 அங்குல வட்டத்தில் இன்னொரு தகர உறை, சுற்றிலும் 2 அங்குலக் காற்றிடம் விட்டு, மரத்துக்கு மேலும் கீழும் ஓர் அடி நீளும்படி வைக்கப்பட்டது. குறுக்கே வரும் சலாகையை வெட்டி இரு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டுக்குப் பதில் வைக்கும் தகரத்தின் மேல் விளிம்பு மேல் ஓட்டுக்குக் கீழே, கீழ் விளிம்பு கீழ் ஓட்டுக்கு மேலே. கிடுகுக் கூரைக்கு இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். ஒரு பொறி போதும். அங்கே அடுப்பை வெளிக் கொட்டிலுக்குத் தகரத்தின் கீழ் கொண்டுபோவதுதான் வழி.

உயரத்துக்குக் கணக்கு: கூரையைத் தாண்டிய இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி கூடுதலாக. முகடு 12 அடி, குழாய் முனை 15½ அடி. இதைக் குறைத்தால் வாடைக் காற்று முகட்டைத் தாண்டிச் சரிந்து விழும்போது புகையைக் குழாய்க்குள்ளாலேயே திருப்பி அடிக்கும். கார்த்திகையில் "அடுப்பு பழுதாகிவிட்டது" என்று சொல்வார்கள், பழுது அடுப்பில் இருக்காது. தொப்பிக்கும் முனைக்கும் 3 அங்குல இடைவெளி. மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டாமல் விடாதீர்கள். கடற்காற்றின் உப்பு தகரத்தை வெளியிலிருந்தும் தார்நீர் உள்ளிருந்தும் அரிக்கும், ஆகவே ஒவ்வொரு புரட்டாதியிலும் ஏறி, கூரைக்கு மேலுள்ள மூட்டுகளைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

புகைந்தால் எங்கே பார்ப்பது

மூட்டும்போது மட்டும் முன்னால் வந்தால் குழாய் குளிர்ந்திருக்கிறது. கரிக் கதவுக் கல்லை எடுத்து, உள்ளே ஒரு காய்ந்த ஓலையைக் கொளுத்திவிட்டு மூடுங்கள், புகையை மேலே கொண்டுபோகும் இழுவை பிடித்துக்கொள்ளும். எப்போதும் வந்தால் சுரங்கத்தில் சாம்பல், அல்லது இரண்டாவது பானை மிகவும் இறங்கிவிட்டது. ஒரு பானை மட்டும் வைத்து மற்றக் குழியைத் திறந்து விட்டாலும் அப்படித்தான். இரண்டாவதில் எப்போதும் தண்ணீர்ப் பானை இருக்கட்டும். குளிக்கும் வெந்நீரும் வேதுத் தண்ணீரும் தனி நெருப்பில்லாமல் அதிலேயே கிடைக்கும்.

விறகு வழமையைவிடக் கூடுதலாகப் போனால் இழுவை அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. விறகு வாயில் ஓர் ஓட்டுத் துண்டைச் சாய்த்துப் பாதி மறையுங்கள். குழாய்க்குள் மூடும் தகடு வைக்க நாங்கள் சொல்வதில்லை. தணல் இருக்கும்போது யாராவது மூடிவிட்டால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு குசினிக்குள் நிற்கும், அதற்கு மணமும் நிறமும் இல்லை. மழை நாளில் உடுப்புக் காயவைக்கத் தணல் சட்டியை அறைக்குள் எடுத்துப் போவதும் அதே ஆபத்துத்தான்.

அடுப்பு நன்றாக எரிகிறதா என்று வெளியே போய்க் குழாய் முனையைப் பார்த்தே சொல்லலாம். மூட்டிப் பத்து நிமிடத்துக்குப் பிறகு காற்று அசைவது மட்டும் தெரிய வேண்டும். வெள்ளைப் புகை என்றால் ஈர விறகு. கறுப்பு என்றால் ஒரே நேரத்தில் அளவுக்கு மிஞ்சி அடைத்திருக்கிறார்கள். கழுத்துக் கதவைத் திறந்தால் படிந்திருப்பது மண்ணிறத் தூளாக இருந்தால் நல்லது. பளபளக்கும் கறுப்புத் தார் என்றால் அது குழாய்க்குள் தீப்பிடிக்கக் கூடியது, உடனே சுரண்டி எடுங்கள். தூளைக் கயிற்றில் கட்டிய பொச்சுக் கட்டால் மாதம் ஒருமுறை மேலிருந்து இழுத்து எடுத்தால் போதும்.

அடுப்பே வேண்டாத நேரங்கள்

நெருப்பு அதிகம் புகைவது மூட்டும் முதல் பத்து நிமிடத்தில், குளிர்ந்த அடுப்பில். ஒரு நாளில் சோற்றுக்கு ஒருமுறை, தேத்தண்ணிக்கு மூன்று முறை மூட்டினால், நாலில் மூன்று மூட்டல் தேத்தண்ணிக்கே போகிறது. 1 லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வைக்க மின்கேத்திலுக்கு ஏறத்தாழ 0.1 அலகு மின்சாரம் போதும். இந்த ஒரு மாற்றம் புகையைக் குறைக்கும் அளவு பலர் நினைப்பதைவிடப் பெரிது. கையில் பணம் குறைவாக இருந்தால் புகைக்கூட்டுக்கு முன் கேத்திலை வாங்குங்கள் என்றே சொல்வோம். எரிவாயு இருக்கும் வீட்டில் 12.5 கிலோ சிலிண்டரைத் தேத்தண்ணிக்கும் சூடாக்கலுக்கும் வைத்துக்கொண்டு, நீண்ட நேரம் கொதிக்கும் சோறு, பயறு, வெந்நீரை விறகுக்கு விடலாம். சிலிண்டரை விறகடுப்பு இருக்கும் குசினிக்குள் வைக்கக் கூடாது. எரிவாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அடுப்புக்கு மேல் பரணில் வைக்கும் விதைச் சோளம், பயற்றை விதை, புளி எல்லாவற்றையும் இதுவரை வண்டிடமிருந்து காத்தது அந்தப் புகை. இனி அது இல்லை. விதையை நல்ல வெயிலில் காய வைத்து, ஆறவிட்டு, சாம்பல் கலந்து, வாய் இறுக்கமான போத்தலில் போட்டு வையுங்கள். அடுப்பிலிருந்து வாரும் சாம்பலைச் சலித்தால் அதற்கு வேண்டியது கிடைக்கும்.